மிஷின் வாங்குவதற்கு முன் காகிதத்துக்குக் கொடுத்த 85,000 ரூபாய்

எங்கள் குடியிருப்பில் 112 வீடுகள். சென்னைப் புறநகர் மேடவாக்கத்துக்குத் தெற்கே, மெட்ரோ வாட்டர் குழாய் இன்னும் எட்டிப் பார்க்காத தெரு. இரண்டு போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு சம்ப் (நிலத்தடித் தொட்டி), கோடை வந்தால் லாரி. தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் டீ நிறம் வந்துவிடும். ஏ பிளாக்கில் வெள்ளை வேட்டி கட்டுகிறவர் ஒருவர் இருந்தார், அவரும் கலர் லுங்கிக்கு மாறிவிட்டார். கீசர் காயில் ஒன்றரை வருஷம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

நான் 31 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த ஒரே குற்றத்துக்காக என்னைச் சங்கத்தின் தண்ணீர் கமிட்டியில் போட்டார்கள்.

முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிறவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டோம். மூவரும் சம்ப் மூடியைத் திறந்து பார்த்தார்கள், எத்தனை வீடு என்று கேட்டார்கள், மறுநாளே கொட்டேஷன் அனுப்பினார்கள். 9 லட்சம், 14 லட்சம், 22 லட்சம். முதலாமவர் வெறும் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கிற மிஷின். இரண்டாமவர் அதோடு மணல் வடிகட்டியும் கார்பனும். மூன்றாமவர் குளிக்கிற தண்ணீர் உட்பட எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. போடச் சொன்னார். இதில் எதை எதோடு ஒப்பிடுவது? அப்போதுதான் டி பிளாக் தம்பி ஒருவர், மிஷின் விற்காத ஒருவரிடம் முதலில் திட்டம் போட்டு வாங்கலாமே என்றார்.

அப்படிக் கிடைத்ததுதான் இந்த ஆலோசனை நிறுவனம். மூன்றே பேர் கொண்ட சின்ன இடம். பெயரை இங்கே போடவில்லை; குறைகளையும் எழுதப் போகிறேன், பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். தண்ணீர்ப் பரிசோதனை, தேவைக் கணக்கு, முதற்கட்ட வடிவமைப்பு, இட வரைபடம், டெண்டர் தாள் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பொதுக்குழுவில் பெரிய ரகளை. "காகிதத்துக்கு 85,000-ஆ? அந்தக் காசுக்கு ரெண்டு மோட்டார் வாங்கலாமே!" என்று ஒரு பெரியவர் எழுந்து நின்றே கத்தினார். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான்.

முதல் நாள் வந்த இளைஞருக்கு முப்பது வயது இருக்கும். என் கையில் ஏற்கெனவே ஒரு லேப் ரிப்போர்ட் இருந்தது. நானே மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது. அதில் இரும்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். பெருமையாக நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், மறுபடி எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது போரின் மோட்டாரை 20 நிமிஷம் சும்மா ஓடவிட்டார். குழாயில் நின்ற பழைய தண்ணீர் போகட்டும் என்றார். பிறகு இரண்டு பாட்டிலில் பிடித்தார். ஒன்றில் சில துளி நைட்ரிக் அமிலம். மூன்றாவதாக ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்தார். பளிங்கு மாதிரி இருந்தது. நாங்கள் சம்ப்பை அளந்துவிட்டுத் திரும்பி வந்தபோது இளமஞ்சள். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது டம்ளரின் அடியில் துரு, மேலே தெளிந்த தண்ணீர்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை இரும்பு கரைந்த நிலையில், நிறமில்லாமல் இருக்கும். வெளியே வந்து ஆக்ஸிஜன் பட்டதும் கரையாத வடிவத்துக்கு மாறிப் படியும். இதை எத்தனை பிளஸ் டூ செட்டுக்கு நடத்தியிருப்பேன்! என் பாட்டிலில் இரண்டு நாளில் இரும்பு முழுக்க அடியில் உட்கார்ந்திருக்கிறது. ஆய்வகத்தில் மேலே தெளிந்ததை ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். மாணவி ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். அமிலம் இரும்பைப் படியவிடாது; அது விட்ட பாட்டிலின் முடிவு வந்தது: 3.1. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் இரும்புக்கு 2012-இல் 0.3 என்று இருந்து, பிறகு திருத்தத்தில் 1 ஆனது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் எங்களுடையது பல மடங்கு. அந்த மூன்று கொட்டேஷனிலும் இரும்பு நீக்க ஒரு பொருள்கூட இல்லாததற்குக் காரணம் என் பாட்டில்தான்; அந்த ரிப்போர்ட்டைத்தான் அவர்களிடமும் கொடுத்திருந்தேன். சாஃப்ட்னர் மட்டும் வாங்கியிருந்தால் உள்ளே கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளில் துரு படிந்து, கொஞ்ச நாளில் ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கும்.

அடுத்து சம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயில் ஒரு மீட்டர் பொருத்தி, 14 நாள் ரீடிங் எடுக்கச் சொன்னார்கள். இரவு வாட்ச்மேனுக்கு ஒரு டைரி. எங்களிடம் சுமார் 390 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு நகரங்களுக்குச் சொல்லும் அளவு. அந்தக் கணக்குக்கு 52,650 லிட்டர் வர வேண்டும். மீட்டரோ 64,000-க்கு மேல் காட்டியது. டைரியைப் புரட்டினால் இரவு ஒரு மணி முதல் நாலு மணி வரைகூட மணிக்கு 500 லிட்டர் ஓடியிருக்கிறது. மனுஷன் தூங்கினாலும் மீட்டர் தூங்கவில்லை. தேடிப் பார்த்தால் பி பிளாக் மேல்தொட்டியில் மிதவை வால்வு பழுது. வழிகிற தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கு 500 என்றால் நாளைக்கு 12,000 லிட்டர், அதாவது தினமும் ஒரு லாரி. எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும்? வால்வு மாற்றியதும் மீட்டர் 52,000 பக்கம் வந்து நின்றது. பொதுக்குழுவில் கத்திய பெரியவர் அன்று மாலை என்னைப் பார்த்ததும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

இனி முதல் குறை. ஆறு வாரத்தில் அறிக்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் வேலை கொடுத்தது நவம்பரில், இறுதி அறிக்கை கைக்கு வந்தது ஜூனில். ஜனவரியில் ஒரு வரைவு கொடுத்துவிட்டு, போரின் ஊறல் அளவை மே மாதத்தில் இன்னொரு முறை பார்த்த பிறகுதான் முடிப்போம் என்று பிடிவாதம். டிசம்பரில் முதல் போர் ஒரு நாளைக்கு 40,000 லிட்டர் கொடுத்தது; மே மாதம் எட்டு மணி நேரம் ஓட்டி, நீர்மட்டம் அளந்து பார்த்ததில் 28,000-தான் தேறும் என்றார்கள். இரண்டாவது போர் 24,000. சரி, அவர்கள் செய்தது சரியே. மழைக்காலத்துப் போரை நம்பி மிஷின் வாங்குவது கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் குணத்தை எடைபோடுகிற மாதிரி. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊரில் இருக்கிறோம், இது எங்களுக்குப் புரியாதா? ஆனால் மே வரை காத்திருக்க வேண்டும் என்பதை நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஐந்து மாதம் நான் வாட்ஸ்அப் குழுவில் வாங்கிய திட்டு அவர்களுக்குத் தெரியாது.

அறிக்கையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், இரண்டு போரையும் தனித்தனியாகப் பார்த்ததில். முதல் போரின் கடினத்தன்மை லிட்டருக்கு 410 மில்லிகிராம், இரும்பு மிகக் குறைவு. இரண்டாவது 780, அதோடு அந்த 3.1 இரும்பு. இத்தனை வருஷமும் இரண்டையும் சம்ப்பில் கொட்டிக் கலந்து, கலந்ததைச் சுத்தம் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தோம். விற்பனைக்காரர்களும் கலந்த தண்ணீருக்குத்தான் விலை சொன்னார்கள். இவர்கள் முதல் போரைத் தொட வேண்டாம் என்றார்கள். இரண்டாவது போரின் தண்ணீரை மட்டும் காற்றோடு கலக்கவிட்டு, படிந்த இரும்பை வடிகட்டி, அப்புறம் சாஃப்ட்னருக்கு அனுப்பி, கடைசியில் சம்ப்பில் சேர்ப்பது. காற்றுப் படும்போது கரைந்திருக்கும் கரியமில வாயுவும் வெளியேறுவதால் அமிலத்தன்மை குறைந்து பிஎச் கொஞ்சம் ஏறும், இரும்பும் சீக்கிரம் பிரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு 74 கிராம் இரும்பு. வருஷத்துக்கு 27 கிலோ! இவ்வளவும் இதுவரை எங்கள் சம்ப்பிலும் குழாயிலும் துணியிலும்தான் போயிருக்கிறது.

வடிகட்டிக்கு அவர்கள் சொன்ன விட்டம் 600 மில்லிமீட்டர்தான். மணிக்கு 3,000 லிட்டர் மெதுவாக எட்டு மணி நேரம் ஓடினால் போதும், காலை அவசரத்துக்குச் சம்ப் இருக்கிறதே என்பது காரணம். முன்பு கேட்ட மிஷின்கள் எல்லாம் மணிக்கு 10,000 லிட்டர்.

உப்புக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. சாஃப்ட்னரை அடிக்கடி உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்பதை எந்த விற்பனையாளரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கலந்த தண்ணீர் முழுவதையும் மென்மையாக்கினால் நாளைக்குச் சுமார் 90 கிலோ உப்பு. இரண்டாவது போரை மட்டும் என்றால் 56 கிலோ. இந்த 56 கிலோ உப்பும் புதுப்பித்த பிறகு எங்கே போகும் என்று பார்த்தால், அறிக்கையில் ஒன்றரை வரி: விதிமுறைப்படி வெளியேற்றவும். இரண்டாவது குறை இதுதான், இதை நான் விடவில்லை. அவர்கள் வரைபடத்தில் அந்த உப்புக் கழிவுக் குழாய் நேரே எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமான எஸ்டிபி-க்குப் போகிறது. எஸ்டிபி தண்ணீர் எங்கள் தோட்டத்துக்குப் போகிறது. அவ்வளவு சோடியத்தை மண்ணில் விட்டால் செம்பருத்தி என்ன, அரளிகூடப் பிழைக்குமா என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் அமைதி.

ஒரு வாரம் கழித்துத் திருத்தம் வந்தது. இரண்டாவது போரின் 24,000 லிட்டரில் 5,000 லிட்டரை இரும்பு நீக்கியதோடு நிறுத்தி, சாஃப்ட்னருக்குள் விடாமல் நேரே சம்ப்புக்கு அனுப்புவது. எல்லாம் கலந்த பிறகு கடினத்தன்மை 300 பக்கம் நிற்கும். அதே ஐஎஸ் 10500 தரத்தில் விரும்பத்தக்க அளவு 200, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை. 300-க்கு சோப்பு நுரைக்கும், கீசரும் பிழைத்துக்கொள்ளும். உப்பு 44 கிலோ, ஒரு மூட்டைக்குள் அடங்கியது. உப்புக் கழிவுக்குத் தனித் தொட்டி, எஸ்டிபி-க்கு இணைப்பு கிடையாது, லாரியில் அகற்ற வேண்டும். அந்த லாரிச் செலவு மாதக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. செலவு உறுத்துகிறது, ஆனால் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பொது ஆர்.ஓ. வேண்டாம் என்று இரண்டே பத்தியில் முடித்துவிட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் மொத்தம் 2,000 லிட்டர்தான். அதற்காக 52,000 லிட்டரை ஆர்.ஓ.வில் தள்ளி, அதில் கணிசமான பங்கைக் கழிவாக விடுவது பைத்தியக்காரத்தனம். எனக்கும் அதே கருத்து.

இட வரைபடத்தில் சறுக்கினார்கள். முதலில் பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் அறை ஓரம் காட்டியிருந்தார்கள். காகிதத்தில் தொட்டி உயரம் 2.2 மீட்டர், தளத்தின் உத்திரம் 2.4 மீட்டர், பொருந்துகிறது. எங்கள் பிளம்பர் படத்தைப் பார்த்த உடனே, "மூடியைத் திறந்து மணல் கொட்ட ஆளு எங்க நிக்கிறது டீச்சரம்மா?" என்றார். அவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். அந்த இளைஞரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, மறுநாளே பின்பக்கச் சுவர் ஓரம் தகரக் கூரைக்கு மாற்றி வரைந்து அனுப்பினார். ரோஷப்படவில்லை, அது நல்ல குணம்.

அறிக்கை 58 பக்கம், முழுக்க ஆங்கிலம். சங்கத்தில் பாதிப் பேர் படிக்கப் போவதில்லை என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வொயிட் போர்டில் படம் போட்டு ஒன்றரை மணி நேரம் தமிழில் விளக்கினார்கள். அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை. ஆனால் 31-ஆம் பக்கத்தில் எங்கள் குடியிருப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோயம்புத்தூர்க் குடியிருப்பு ஒன்றின் பெயர். வேறு யாருக்கோ செய்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எண்கள் எல்லாம் எங்களுடையவைதானா என்று அந்தப் பக்கத்தைப் பேனாவோடு வரிவரியாகச் சரிபார்த்தேன், எங்களுடையவைதான். இருந்தாலும் மதிப்பெண் போடாமல் கை நிற்காது: 100-க்கு 78. பரிசோதனைக்கும் மீட்டருக்கும் முழு மதிப்பெண், கழிவுக்கும் நேரத்துக்கும் வெட்டு.

போன மாதம் டெண்டர் திறந்தோம். இந்த முறை எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே அளவு, ஒரே பொருள் பட்டியல். 8.6 லட்சம், 9.1 லட்சம், 9.4 லட்சம். அந்த 9.4 யார் என்று பார்த்தால், முன்பு 22 லட்சம் சொன்னவர். ஆர்.ஓ. கட்டாயம் வேண்டும் என்றீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நீங்க இதுல கேக்கலையே மேடம்" என்றார்.

ஆலோசனைக்காரர்களின் கடைசித் தவணை 17,000 ரூபாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. செக் எழுதி டைரிக்குள் வைத்துவிட்டேன். திருத்திய 31-ஆம் பக்கம் வந்ததும் கொடுத்துவிடுவேன்.