எஞ்சின் விளக்கு மறுபடி மறுபடி எரிகிறதா? புளூடூத் ஓபிடி ஸ்கேனர் எவ்வளவு உதவும்

காரின் ஓபிடி (கோளாறு கண்டறியும்) சாக்கெட்டில் செருகும் இஎல்எம்327 வகை புளூடூத் ஸ்கேனரைக் கோடு (எஞ்சின் கணினி பதியும் கோளாறு எண்) அழிக்க மட்டும் வாங்கினால் அது வீண் செலவு. பழைய காரில் பி0171 (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதவில்லை) என்ற கோடை அழித்தாலும் சில நாளில் திரும்ப வரும். காரணம் அப்படியே இருக்கிறதே! இந்தக் கருவியின் உண்மையான பலம் ஃபியூவல் ட்ரிம் எண்களை (கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை) நேரடியாகக் காட்டுவதில்தான்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஷார்ட் டெர்ம் (உடனடி), லாங் டெர்ம் (நீண்டகால) ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் 20ஐத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது: வேக்கம் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு (காற்று நுழையும் குழாய்த் தொகுதி) கேஸ்கெட், பிசிவி குழாய் (எஞ்சின் உள்வாயுவை இன்டேக்குக்குத் திருப்புவது). ரப்பர் குழாயை வளைத்து விரலால் விரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் முழுசாகவே இருக்கும். மாறாக, லோடு கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் அழுக்கேறிய எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது), அடைத்த ஃபியூவல் ஃபில்டர், வலுவிழந்த பம்ப் பக்கம் போங்கள். எடுத்த எடுப்பிலேயே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது பெரிய தவறு. பெரும்பாலும் அது உள்ளதைத்தான் சொல்கிறது.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேம் (கோடு பதிவான நேரத்து எஞ்சின் நிலை) தரவைக் குறித்துக்கொள்ளுங்கள்; கோடோடு அதுவும் போய்விடும்.

குறையும் உண்டு. தரவு மெதுவாகத்தான் வரும், மலிவான நகல்கள் சில கட்டளைகளை ஏற்பதில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகள் பெரும்பாலும் தெரியாது. செருகியபடியே வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும், ஏனெனில் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.