முதல் டிரில்லிங் மெஷின்: ஒயர் வைத்ததா, பேட்டரியா, ரோட்டரி ஹேமரா?

கடைக்காரரிடம் “எத்தனை வாட், எத்தனை வோல்ட்” என்று கேட்பதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள். பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

இணையத்தில் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் பேட்டரி டிரில்லைத்தான் முதலில் வாங்கச் சொல்கின்றன. அமெரிக்காவிலிருந்து பேசுகிறவருக்கு அது சரி. அங்கே பல வீடுகளின் உட்சுவர் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தது. அதில் துளை போட எதுவும் போதும். நம் ஊர்ச் சுவர் செங்கல், அதன் மேல் சிமெண்ட் பூச்சு, இடையிடையே கான்கிரீட் தூணும் பீமும். கதவு, ஜன்னல் தலைக்கு மேல் லிண்டல் என்னும் கான்கிரீட் விட்டம் ஓடுகிறது. புதுவீட்டில் குடியேறியதும் முதலில் மாட்டுவது திரைச்சீலைக் கம்பி. அதன் பிடிமானம் உட்காரும் இடம் பெரும்பாலும் அந்த லிண்டல்தான். ஆகவே வருடத்துக்கு நாலு துளை மட்டும் போடப் போகிறவருக்கும் முதல் துளையே கான்கிரீட்டில் விழக்கூடும். மூன்று வகை மெஷினையும் இந்த ஒரு வேலையை வைத்தே எடைபோடலாம்.

ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில்லில் 500 முதல் 600 வாட் வரையுள்ளவைதான் வீட்டுக்கானவை. சுத்தியல் குறி உள்ள பக்கம் குமிழைத் திருப்பினால் உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகளில் ஒன்று அசையாமல் இருக்க, மற்றது அதன்மேல் உரசிக்கொண்டு சுழலும். ஒவ்வொரு பல்லும் தாண்டும்போது, துளையிடும் முனையான பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் முன்னும் பின்னும் துள்ளும். நிமிடத்துக்கு 40,000 தட்டுகளுக்கு மேல் என்று அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். எண் பெரிது, ஒவ்வொரு தட்டும் சின்னது. அதற்கு வலு சேர்ப்பது நீங்கள் பின்னாலிருந்து கொடுக்கும் அழுத்தம். செங்கல்லில் 6 மில்லிமீட்டர் துளை சில நொடிகளில் முடிந்துவிடும். லிண்டலில் பொறுமை வேண்டும்: கொஞ்சம் இறக்கி, பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தள்ளி, மறுபடி இறக்க வேண்டும். கருங்கல் ஜல்லி குறுக்கிட்டால் சத்தம் மாறும், மெஷின் முன்னே போகாமல் நின்று அரைக்கும். இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் போராட வேண்டாம்; இடத்தை ஓர் அங்குலம் தள்ளிக்கொள்ளுங்கள். கை வலிக்கும், ஆனால் திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் ரால் பிளக் உட்காரும் அளவுக்குத் துளை கிடைத்துவிடும்.

ரோட்டரி ஹேமரின் உள்கட்டமைப்பே வேறு. மோட்டார் ஒரு பிஸ்டனை ஓட்டுகிறது. பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று ஓர் இரும்புத் துண்டைத் தூக்கி எறிந்து பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் அடிதான். ஆனால் சிறிய மாடலிலேயே ஒவ்வோர் அடியின் ஆற்றலும் இரண்டு ஜூல் அளவுக்கு இருக்கும்; இம்பாக்ட் டிரில்லின் தட்டைவிட மிகப் பலமான அடி. மெஷினைச் சும்மா பிடித்திருந்தாலே போதும், கான்கிரீட் இறங்கிக் கொடுக்கும். எலக்ட்ரீஷியன்கள் இதைத் தூக்கிக்கொண்டு வருவது சும்மா இல்லை.

அப்படியென்றால் இதையே வாங்கிவிடலாமே? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இதற்கான எஸ்டிஎஸ் பிளஸ் வகை பிட்டின் அடித்தண்டு 10 மில்லிமீட்டர் தடிமனில், பள்ளம் வெட்டிய வடிவில் இருக்கும். சாதாரண பிட் இதில் மாட்டாது. தனி சக் வாங்கிப் பொருத்தினாலும் மரத்தில் துளை போடும்போது முனை ஆடும். அலமாரிக் கீலுக்குத் துல்லியமாகத் துளை போட முடியாது. எடையும் கூடுதல். ஏணியில் நின்றுகொண்டு தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தால் தெரியும். இன்னொரு சங்கடமும் உண்டு: நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் அஜாக்கிரதையாக இறக்கினால் மறுபக்கத்துப் பூச்சு பெயர்ந்து விழும். படுக்கையறையில் படம் மாட்டப் போய் கூடத்துச் சுவருக்குக் கொத்தனாரை அழைக்க நேரிடும்.

பேட்டரி டிரில்லில் முதலில் வோல்ட் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு லித்தியம் செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட்; முழு சார்ஜில் 4 வோல்ட்டைத் தாண்டும். மூன்று செல் வைத்தால் 10.8, அதையே 12 என்று விற்கிறார்கள். ஐந்து செல் வைத்தால் 18. அதே பேட்டரிதான் 20 என்றும், சில இடங்களில் 21 என்றும் பெயர் மாற்றிக்கொள்கிறது. பெயர் தெரியாத மெஷின்களில் 48 என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தால், கைப்பிடிக்குள் அத்தனை செல் எங்கே அடங்கும் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

12 வோல்ட் மெஷின் கைக்கு அடக்கமானது, மரவேலைக்கு அருமையானது. கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பி முறுக்கு விசையைக் குறைத்து வைத்தால், திருகு இறுகியதும் ‘டக்டக்’ என்று தானே விட்டுவிடும். ஒயர் டிரில்லில் பொதுவாக இந்த வசதி இல்லை. அதைக் கொண்டு திருகு முடுக்கினால் தலை தேய்ந்துபோகும், அல்லது பிளைவுட்டுக்குள் புதைந்துவிடும். ஆனால் லிண்டலில் 12 வோல்ட் திணறும். 18 வோல்ட்டில் சுத்தியல் வசதியும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரும் உள்ள நல்ல மாடல் சமாளிக்கும்; அதன் விலைக்கு ஒயர் டிரில்லையும் வாங்கி மீதிப் பணத்தில் சுத்தியல், ரசமட்டம் எல்லாம் வாங்கிவிடலாம். தவிர, பேட்டரிக்குச் சும்மா இருந்தாலும் வயதாகும். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மெஷின் சித்திரை வெயிலில் லாஃப்டில் வெந்துகொண்டு கிடந்தால், சில வருடங்களில் புதுப் பேட்டரி தேட வேண்டியதுதான். அதற்குள் அந்த மாடல் நின்றுபோயிருக்கவும் கூடும். ஒயர் டிரில் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் ஓடும்; மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் அதை மாற்றினால் சரி.

செங்கல் வீட்டுக்காரருக்கு என் பரிந்துரை ஒயர் வைத்த இம்பாக்ட் டிரில்தான். 13 மில்லிமீட்டர் சக், விசையை அழுத்துவதற்கு ஏற்ப வேகம் மாறும் வசதி, பின்னோக்கிச் சுழலும் வசதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். திருகுக்கு முன்துளை மட்டும் மெஷினில் போட்டு, முடுக்குவதைக் கையால் செய்யுங்கள்.

இரண்டு விதிவிலக்குகள். அலுமினியப் பலகை அடைத்து வார்க்கும் முறையில், அதாவது கட்டுமானக்காரர்கள் மைவான் என்று சொல்லும் முறையில், எழும்பிய அடுக்குமாடிகளில் அறைச்சுவர்கூடக் கான்கிரீட்தான். அங்கே இம்பாக்ட் டிரில்லை வாங்கித் தோள்பட்டையை நோகடித்துக்கொள்ள வேண்டாம். குடிபோகும் வாரத்தில் ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுத்து எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். அதன்பின் வீட்டுக்கு 12 வோல்ட் போதும். ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல் வைத்த சுவராக இருந்தாலும் பேட்டரி டிரில்லே போதும். அந்தக் கல் மென்மையானது. சுத்தியல் அடி கொடுத்தால் துளை பெருத்து பிளக் ஆடும், வெறும் சுழற்சியில் போடுவதே சரி.

மெஷினோடு வரும் நூறு உருப்படிப் பெட்டிக்கு மயங்காதீர்கள். கார்பைடு முனையுள்ள நல்ல சுவர் பிட் 6 மில்லிமீட்டரில் ஒன்று, 8 மில்லிமீட்டரில் ஒன்று, டைல்ஸுக்கு ஈட்டி முனை பிட் ஒன்று தனியாக வாங்குங்கள். குளியலறை டைல்ஸில் சுத்தியலை அணைத்துவிட்டு மெதுவான வேகத்தில் தொடங்க வேண்டும். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் சுவர் பிட்டும் சுத்தியலும். எந்தச் சுவரானாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள். ஒயர் போகும் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் புதைந்திருக்கும்.