பலகையில் வலியில்லாப் பிரசவம், ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க டாக்டர் இல்லை

தங்கையின் தலைப்பிரசவத்துக்காக மூன்று வார லீவில் பாரிசிலிருந்து புதுச்சேரி போயிருந்தேன். அவள் பதிவு செய்திருந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். வாசலிலேயே ‘வலியில்லா சுகப்பிரசவம்’ என்று பெரிய பலகை. எபிடியூரலுக்கு, அதாவது பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசிக்கு, தனியாக 15,000 ரூபாய் என்றார்கள். முன்பணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டோம்.

என் பிள்ளைகள் ரெண்டு பேரும் பிரான்சில், ‘பெரிதுரால்’ போட்டுத்தான் பிறந்தார்கள்; எபிடியூரலுக்கு அங்கே அதுதான் பெயர். அங்கே வலி கண்டு பிரசவிக்கிறவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். 1994-ல் சிமோன் வெய்ல் சுகாதார அமைச்சராக இருந்தபோது அதன் செலவு அரசுக் காப்பீட்டுக்குள் வந்தது. ஆனால் காசு மட்டும் காரணமில்லை. வருஷத்துக்கு 1,500 பிரசவத்துக்கு மேல் நடக்கும் இடத்தில் மயக்க மருந்து டாக்டர் இரவும் பகலும் அங்கேயே இருக்க வேண்டும் என்று 1998-ல் ஆணை போட்டார்கள். பிரசவத்துக்கு முன்பே அவரை ஒருதரம் பார்த்து, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, முதுகு, பழைய நோய் எல்லாம் சொல்லிவிட வேண்டும். ஊசி வேண்டாம் என்கிறவர்களும் பார்த்தே ஆக வேண்டும்.

தங்கையை அப்படி யாரும் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

ராத்திரி 10 மணிக்கு வலி. “சூட்டு வலியா இருந்தா இதுல அடங்கிடும்” என்று அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அடங்கவில்லை. 12 மணிக்கு அட்மிஷன். ரெண்டு மணிக்குக் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, அந்த ஊசியப் போடச் சொல்லுக்கா” என்றாள்.

நர்ஸ் அம்மா நல்ல மாதிரி. “மயக்க டாக்டர் வேற ஆஸ்பத்திரில சிசேரியன்ல இருக்காரும்மா, முடிச்சதும் வருவாரு” என்று இடுப்பைத் தேய்த்துவிட்டார். மூன்று மணிக்கும் அதே பதில். டியூட்டி டாக்டர் வந்தார். “ரொம்ப முடியலன்னா சிசேரியன் பண்ணிடலாமா? அரை மணி நேரத்துல ஏற்பாடு பண்றேன்.”

சிசேரியனுக்கும் அதே மயக்க டாக்டர்தானே வர வேண்டும்? கேட்டேன். சிரித்தார், பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் கணக்கு புரிகிறது. சிசேரியன் ஒரு மணி நேர வேலை. எபிடியூரல் என்றால் முதுகில் மெல்லிய குழாயைச் செருகி, மருந்தை அளவாக ஏற்றி, ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, குழந்தை பிறக்கும்வரை கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். நாலு ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஒருவரால் அது ஆகாது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். பிரான்சில் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுதான். வலிக்கு வழி இல்லாத இடத்தில், தாங்க முடியாதவள் கத்தியைத்தானே கேட்பாள்?

வீட்டிலும் ஊசிக்கு ஆதரவில்லை. “முதுகுல போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிதான்” என்றாள் பெரியம்மா மகள். அவளுக்கு ரெண்டும் சிசேரியன், ரெண்டுக்கும் முதுகில்தான் ஊசி போட்டார்கள்! எபிடியூரலால் நீண்டகால முதுகுவலியும் வருவதில்லை, சிசேரியனும் கூடுவதில்லை என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வலி தாங்காமல் கேட்கிற ஆரோக்கியமான பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே வருஷம் பரிந்துரைத்தது. ராத்திரி மூன்று மணிக்கு இதையெல்லாம் யாரிடம் சொல்ல?

ஊரில் பிரசவத்துக்குப் பதிகிறவர்கள் பலகையைப் பார்க்காதீர்கள். மயக்க டாக்டர் ராத்திரியில் உள்ளேயே தங்குவாரா, போன மாதம் எத்தனை பேருக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். முன்கூட்டி அவரை ஒருதரம் பார்க்க நேரம் வாங்குங்கள்.

5:10-க்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ, சுகப்பிரசவம். மயக்க டாக்டர் ஆறு மணிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டிஸ்சார்ஜ் அன்று பில்லில் எபிடியூரல் 15,000 அப்படியே இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள், மேலே போன் போட்டாள், முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாள். கடைசியில் 12,000 திரும்ப வந்தது. மீதி 3,000 ‘டாக்டர் விசிட்’டாம்.