பழைய லேப்டாப் வாங்கப் போறீங்களா? என் 28,500 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

இன்னைக்கு மத்தியானம்தான் அந்தக் கடைலேர்ந்து இறங்கி வந்தேன். கோவம் இன்னும் அடங்கல. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம், உள்சந்துல, மாடில இருக்கற பழைய லேப்டாப் கடை. பேர் போடல. புகார் கொடுத்திருக்கேன், அது ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் பேரை எழுதாதேன்னு வக்கீல் நண்பர் கண்டிச்சுச் சொல்லிட்டார். போன பணம் 28,500 ரூபாய்.

வீட்டுக்காரம்மா குரோம்பேட்டைல சாம்பார் பொடி, பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப்பொடி அரைச்சு விக்கறாங்க. ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்லதான் வரும். நவராத்திரி ஆரம்பிச்சா தீபாவளி வரைக்கும் நோட்டுல எழுதி மாளாது. டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) போட, லேபிள் அடிக்க, கூரியர் லிஸ்ட் எடுக்க ஒரு லேப்டாப் வேணும். புதுசுக்குக் கட்டுப்படியாகல. பழைய ஆபீஸ் நண்பன்கிட்ட சொன்னேன். "மச்சான், நம்ம பையன் கடை ஒண்ணு இருக்கு. என் பேரைச் சொல்லு, போதும்"னான்.

போனேன். கடைக்காரப் பையனுக்கு முப்பது வயசு இருக்கும். நெத்தில திருநீறு. பேச்சைக் கேட்டதுமே, "அண்ணே, நீங்க திருநெல்வேலி பக்கமா? நமக்கும் அம்பாசமுத்திரம்தான்"னான். உடனே டீ வந்துச்சு. எந்த ஊர், எந்தத் தெரு, தாமிரபரணில இப்ப தண்ணி எப்படின்னு பேச்சு எங்கெங்கயோ போச்சு. சென்னைல இத்தனை வருஷம் இருந்துட்டு, ஊர்ப் பேச்சு காதுல விழுந்தா மனசு இளகத்தானே செய்யும். அவனுக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கு.

லேப்டாப் மூடிமேல ஒரு ஓரத்துல நீள்சதுரமா பசைத் தடம். அந்த இடம் மட்டும் கொஞ்சம் பளபளன்னு இருந்துச்சு. என்னப்பா இதுன்னு கேட்டேன். "கம்பெனி ரிட்டர்ன் அண்ணே. அவங்க ஒட்டின ஸ்டிக்கரை தின்னர் போட்டு எடுத்தோம். ஐடி கம்பெனில ஏசி ரூம்ல ஓடின மெஷின், புதுசு மாதிரி இருக்கும்." ஆன் பண்ணிக் காட்டினான், ஓடுச்சு. விலையைக் குறைக்கச் சொன்னா, "முதல் போணிண்ணே, இழுக்காதீங்க. உங்க கைராசி எப்படின்னு பாப்போம்". 28,500 ரூபாய் ஜிபே பண்ணினேன். பணம் வந்த சத்தம் கேட்டதும் செல்போனைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, சுவத்துல இருந்த பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டான். இப்படிக் கும்பிடறவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்?

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும்ணே. எதுக்கு வீணா?"ன்னு எஸ்டிமேட்னு போட்ட துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தான். அப்புறம் ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட கேட்டா, பழைய பொருள் விக்கற வியாபாரி, வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட ஜிஎஸ்டிலயே வழி இருக்காம். ஆக, அந்த 18 பர்சென்ட் என்னை பயமுறுத்தச் சொன்னது.

கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடுச்சு. டேலி போடறதுக்கு முன்னாடி சுத்தமா இருக்கட்டும்னு மச்சினர் பையன் ரீசெட் கொடுத்தான். வைஃபை கனெக்ட் ஆனதும் திரைல ஏதோ ஒரு பெரிய கம்பெனி பேர். வருக, உங்க ஆபீஸ் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் போடுங்கன்னு கேக்குது. அதைத் தாண்டி நகர மாட்டேங்குது.

விஷயம் இதுதான். பெரிய கம்பெனிங்க தங்களோட லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் சர்வர்ல பதிஞ்சு வெச்சிருப்பாங்க. ஆட்டோபைலட்னு பேரு. ஹார்ட் டிஸ்க்கை மாத்தினாலும், விண்டோஸை மறுபடி போட்டாலும், செட்டப் நடக்கும்போது நெட் கிடைச்சா அது அந்தக் கம்பெனி மெஷின்னு காட்டிக் கொடுத்துடும். அந்தப் பதிவை நீக்க வேண்டியது கம்பெனிதான். கடைக்காரன் நெட் இல்லாமலே விண்டோஸ் ஏத்தி வித்திருக்கான். கம்பெனி முறையா ஏலம் விட்டு, பதிவை நீக்க மறந்த மெஷினா, இல்ல திருட்டு மெஷினா, எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கவலை வேற.

போன் பண்ணினா, "அண்ணே, டெக்னீஷியன் லீவு". அப்புறம், "ஓனர் ஊருக்குப் போயிருக்கார், அமாவாசை கழிச்சு வாங்க". அவன்தான் ஓனர்னு நினைச்சிருந்தேன்! நேர்ல போய் நின்னா, "ரீசெட் பண்ணினது நீங்க. யாரைக் கேட்டுப் பண்ணினீங்க? அதனாலதான் போச்சு". அதுக்கு மேல, மதர்போர்டு மாத்தினா சரியாயிடும், 9,000 ஆகும்னான். வாரண்டி கேட்டா, "செக்கிங் வாரண்டி மட்டும்தான் சார்". அண்ணே போய் சார் வந்தாச்சு. பக்கத்துல இன்னொரு கஸ்டமருக்கு டீ சொல்லிட்டிருந்தான், "நீங்க மதுரைப் பக்கமா?"ன்னு.

நண்பனுக்குப் போன் போட்டேன். "நான் கடையைக் காட்டினேன், அவ்வளவுதான். என்னை எதுக்குடா நடுவுல இழுக்கறே?" இருபது வருஷப் பழக்கம். 28,500 ரூபாயை விட இதுதான் எரியுது. சிபாரிசு பண்றது சுலபம். கடைக்காரனுக்கு ஒரு போன் பண்ணி "ஏண்டா இப்படிப் பண்ணினே"ன்னு கேக்கறதுக்கு மட்டும் நேரமில்லையாம்.

அந்தத் தெருல நேர்மையா வியாபாரம் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கே தெரியும். அதனால தெருவைத் திட்டல.

விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. சுருக்கமா சொல்றேன். பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கடைலயே ரீசெட் போடச் சொல்லுங்க. உங்க போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து செட்டப்பை முடிங்க. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகட்டும். மாட்டேன்னு சொன்னா கீழ இறங்கிடுங்க. பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், அது மெஷினோட அடில இருக்கற நம்பர்தானான்னு பாருங்க. க்யூஆர் ஸ்கேன் பண்ணும்போது கடைப் பேர் வராம வேற யாரோ பேர் வந்தா ஏன்னு கேளுங்க. எனக்கு வேற பேர்தான் வந்துச்சு, "தம்பி அக்கவுண்ட்ணே"ன்னான்.

மாட்டிக்கிட்டவங்க 1915-க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் உள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, துண்டுச்சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க.

மிச்சத்தை அப்புறம் எழுதறேன். மனு டைப் பண்ணணும். அதுக்கும் பிரவுசிங் சென்டருக்குத்தான் போகணும், பக்கத்துக்கு 20 ரூபாய் கேக்கறான்.