எச்சரிக்கை: ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர் ஆய்வு என்ற பெயரில் 340 பவுண்ட் போயிற்று

குடும்பப்பெயரின் பூர்வீகத்தை ஆராய்ந்து தருவதாக விளம்பரம் செய்யும் இணைய நிறுவனம் ஒன்றிடம் 340 பவுண்டைப் பறிகொடுத்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் வழக்கறிஞர் கடிதம் வரும் என்று அவர்களே மிரட்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகையவர்களிடம் சிக்காமல் இருக்கும் வழிகளைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் மனைவி ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரைச் சேர்ந்த மரே குடும்பத்துப் பெண். தாங்கள் உண்மையில் மக்ரெகர் குலத்தார் என்றும், அந்தப் பெயர் தடைசெய்யப்பட்ட காலத்தில் உயிருக்கு அஞ்சி மரே ஆனவர்கள் என்றும் என் மாமியார் உறுதியாக நம்புகிறார். அப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டு. 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சி, மக்ரெகர் என்ற பெயரைச் சூடுவதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1661-இல் நீங்கி 1693-இல் மீண்டும் வந்த அந்தத் தடை, 1774-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தில் அக்குலத்தார் மரே, கிரஹாம், டிரம்மண்ட் என்று கிடைத்த பெயர்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தார்கள். அக்குலத்தில் பிறந்த புகழ்பெற்ற ராப் ராய்கூடத் தாய்வழிப் பெயரான கேம்பல் என்பதைத்தான் பயன்படுத்தினார்.

நிறுவனத்தின் சார்பில் தொலைபேசியில் பேசியவர் இந்த ஆண்டுகளையெல்லாம் நான் வாய் திறப்பதற்கு முன்பே மளமளவென்று சொன்னார். எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பல்கிடர், காலண்டர் ஆகிய ஊர்களின் திருச்சபைப் பதிவேடுகளைத் தங்கள் ஆய்வாளர் பக்கம் பக்கமாகப் பார்ப்பார் என்றும், மூலப் பக்கங்களின் படங்கள் அறிக்கையில் இருக்கும் என்றும் வாக்களித்தார். என் மாமியாரின் உடல்நலத்தைக்கூட விசாரித்தார். இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத்தான் தோன்றும்? வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செலுத்தினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்றார். தள்ளுபடி போக 340 பவுண்ட் அனுப்பினேன்.

வந்த அறிக்கையின் பெரும்பகுதி, மரே என்ற பெயர் பிறந்த மோரே வட்டாரத்தின் பொதுவான வரலாறு. எந்த மரேவுக்கு வேண்டுமானாலும் அதை அப்படியே விற்கலாம். பளபளப்பான 'மரே குடும்பச் சின்னம்' ஒன்றும் இருந்தது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அத்தகைய சின்னம் தனியொருவருக்கு உரியதே தவிர, ஒரு பெயரைக் கொண்ட எல்லாருக்கும் உரியதன்று. அதற்கென்று லார்ட் லயன் நீதிமன்றமே இருக்கிறது. இதைவிடக் கொடுமை வம்சாவளிப் பக்கம். என் மனைவியின் முப்பாட்டனாருக்கு '1838-ஆம் ஆண்டு அரசுப் பிறப்புச் சான்றிதழ்' என்று ஆதாரம் காட்டியிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியதே 1855 ஜனவரி 1-ஆம் தேதிதான்! அவருடைய தாயார் ஃபெர்குசன் வீட்டுப் பெண் என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டிலேயே இருக்கும் முப்பாட்டனாரின் 1868-ஆம் ஆண்டுத் திருமணச் சான்றிதழோ ஸ்டூவர்ட் என்று தெளிவாகச் சொல்கிறது. அதே பெயருடைய வேறு யாரையோ பிடித்து வம்சாவளியில் ஒட்டவைத்திருக்கிறார்கள். வாக்களித்த மூலப் பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

கேட்டபோது, 'வரலாற்று ஆய்வு என்பது விளக்கத்துக்கு உட்பட்டது' என்று பதில் வந்தது. ஆதாரங்களைக் கேட்டேன்; அவை தொழில் ரகசியமாம். 340 பவுண்டைத் திருப்பிக் கேட்டேன். மின்கோப்பைத் திறந்துவிட்டால் பணம் திரும்பாதாம், ஆனால் கூடுதலாக 120 பவுண்ட் கட்டினால் 'மறு ஆய்வு' செய்வார்களாம். அன்று அவ்வளவு இனிமையாகப் பேசிய அந்த எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை. பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது உங்களுக்கும் விற்றவருக்கும் இடையிலான வழக்கு என்று வங்கியும் கைகழுவிவிட்டது.

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையைக் கடன் அட்டையில் செலுத்தினால் சட்டப் பாதுகாப்பு உண்டு. குடும்பப்பெயருக்குச் சின்னம் விற்பவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' தளத்தில் 1855-க்கு முந்தைய திருச்சபைப் பதிவேடுகளின் படங்களையே சிறு கட்டணத்தில் நேரடியாகப் பார்க்கலாம். மாதிரி அறிக்கையைப் பார்க்காமல், ஆதார எண்களைத் தருவதாக எழுத்தில் வாங்காமல், ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.