எட்டு வருடமாகத் தீலே குழாயில் கொதிநிலை பார்க்கிறேன்

எங்கள் ஆய்வகத்துக்கு டிஜிட்டல் கருவி வந்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் கொதிநிலை என்றால் என் கை முதலில் தேடுவது பழைய தீலே குழாயைத்தான்.

கைப்பிடி போல வளைந்த பக்கக்குழாய் கொண்ட கண்ணாடிச் சாமான் அது. உள்ளே பாரஃபின் எண்ணெய். வளைவில் சுடரைக் காட்டினால் சூடேறிய எண்ணெய் மேலெழும்பித் தானாகவே சுற்றி வரும்; கலக்கிவிட வேண்டியதில்லை. சாம்பிளைச் சில சொட்டு ஒரு சின்னக் குழாயில் விட்டு, ஒரு முனை மூடிய கேபிலரியை (முடி போல மெல்லிய கண்ணாடிக் குழாய்) அதற்குள் தலைகீழாகப் போட்டு, தெர்மாமீட்டரோடு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டினால் வேலை தொடங்கலாம். காய்ச்சி வடித்துப் பார்க்கும் முறை பல மில்லிலிட்டர் கேட்கும். கஷ்டப்பட்டுத் தயாரித்த சாம்பிளை அப்படிச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்?

முதல் வருடம் என் ரீடிங் எல்லாம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே வந்தது. தெர்மாமீட்டர்மேல் பழி போட்டேன். தப்பு என்னுடையது. கேபிலரியிலிருந்து குமிழ்கள் சரம்சரமாக வந்த உடனே குறித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அப்போது சுடரை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குமிழ் குறைந்து, நின்று, திரவம் கேபிலரிக்குள் ஏறத் தொடங்கும் நொடியில்தான் உள்ளே ஆவியின் அழுத்தமும் வெளியே காற்றின் அழுத்தமும் சமமாகின்றன. அந்த வெப்பநிலைதான் கொதிநிலை. இதைப் பழகிய பிறகு டொலுயீன் என்ற கரைப்பான் ஒழுங்காகத் தன் கொதிநிலையான 110.6 டிகிரி பக்கத்தில் வந்து நின்றது. மறுபடி பார்ப்பதென்றால் புதுக் கேபிலரி போட வேண்டும்; பழையதில் திரவம் புகுந்திருக்கும்.

ரப்பர் பேண்ட் ஒரு தனித் தொல்லை. சூட்டில் எண்ணெய் விரிந்து மட்டம் ஏறும். பேண்ட் அதில் மூழ்கினால் இளகிவிடும், சாம்பிள் குழாய் அடியில் போய் விழும். இரண்டு முறை பட்டபிறகுதான் நன்றாக மேலே தள்ளிக் கட்டப் பழகினேன். எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருந்தாலும் படபடவென்று வெடித்துத் தெறிக்கும், ஜாக்கிரதை.

இந்தக் குழாய் சொல்வதை அப்படியே நம்பி ஏமாந்த கதையும் உண்டு. ஒரு எத்தனால் சாம்பிள் 78இல் அசையாமல் நின்றதும் 'சுத்தம்' என்று எழுதிவிட்டேன். எடையில் 4.4 சதவீதம் தண்ணீர் கலந்த எத்தனாலும் 78.2இல் நிலையாகக் கொதிக்கும், சுத்தமானது 78.4. என் தெர்மாமீட்டரின் கோடுகளோ ஒரு டிகிரிக்கு ஒன்று! இப்போதெல்லாம் ஒளிவிலகல் எண்ணையும் (திரவத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்ற அளவு) பார்க்காமல் அந்த வார்த்தையை எழுதுவதில்லை.

காற்றழுத்தத்தையும் பக்கத்திலேயே குறித்துவைக்கிறேன். தண்ணீருக்கு, வழக்கமான காற்றழுத்தமான 760 மி.மீ. பாதரசத்தை ஒட்டி ஏறக்குறைய 27 மி.மீ. இறங்கினால் கொதிநிலையில் ஒரு டிகிரி குறைந்துவிடும்.

டிஜிட்டல் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். பல சாம்பிள் வரிசையில் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் சூட்டில் சாம்பிள் சிதைந்து கருக்கத் தொடங்கினால் அது வெறும் எண்களை மட்டும் காட்டும். குழாயில் என் கண்ணுக்கே தெரியும். அனிலின் போல 184 டிகிரி வரை போகிறவற்றுக்குச் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறேன்.

இப்போதிருக்கும் பாரஃபினும் பழுத்துப்போய்க் குமிழே சரியாகத் தெரியவில்லை. நாளைக்கு மாற்ற வேண்டும்.