மீனுக்கு சந்தையோ, வாசலுக்கு வாறவரோ? நான் மாறினதுக்குக் காரணம் விலை இல்லை, நிறை

நாங்கள் இருக்கிறது யாழ்ப்பாணத்தில, கோண்டாவிலில. வீட்டில ஆறு பேர், வெள்ளிக்கிழமையும் விரத நாளும் தவிர மற்ற நாளெல்லாம் மீன் சட்டி அடுப்பில ஏறும். ஏழெட்டு வருஷமா சந்தைக்குப் போய் பேரம் பேசித்தான் வாங்கினனான். போன தை மாசத்தில இருந்து வாசலுக்கு மோட்டச்சைக்கிளில வாற மீன்கார அண்ணையிட்ட மாறிட்டன். இப்ப ஆர் கண்டாலும் "ஏன் அறாவிலைக்கு வாசலில வாங்குறாய்" எண்டுதான் கேக்கினம், அதுக்குத்தான் இதை எழுதுறன்.

சுப்பர்மார்க்கெட்டை முதல் சொல்லி முடிச்சுவிடுறன். விலை ஒட்டியிருக்கும், நிறை சரி, பில் தருவினம், பேச ஒண்டுமில்லை. ரின்மீன், பால்மா மாதிரி விலை அடிச்ச சாமானுக்கு நல்லம், அடிச்ச விலைக்கு மேல ஆரும் கேட்டா 1977 எண்ட நம்பருக்கு அடிச்சு நுகர்வோர் அதிகார சபைக்குச் சொல்லலாம். பச்சை மீன் அங்க நாலு தரம்தான் வாங்கினனான், ரெண்டு தரம் குழம்பில சதை கரைஞ்சு போச்சு, மற்ற ரெண்டும் பரவாயில்லை. நாலு தரத்தை வச்சு நல்லது கூடாது எண்டு தீர்ப்புச் சொல்லேலாது.

சந்தையில தெரிவு கிடைக்கும், அதை ஆரும் மறுக்கேலாது. பாரை, விளை, ஒட்டி, முரல், கணவாய் எல்லாம் பக்கத்தில பக்கத்தில கிடக்கும், செவுளைத் தூக்கிப் பாக்கலாம். கிலோ 1,600 எண்டா நான் 1,300ல தொடங்குவன், "கட்டாது அக்கா" எண்டுவினம், நாலடி நடந்தா "சரி வாங்கோ, 1,400 தாங்கோ" எண்டு கூப்பிடுவினம். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினா அந்த 25 நாளும் கனபேர் மச்சம் சாப்பிடுறேல்லை, அப்ப இன்னும் இறக்கலாம், விக்கிறவை தாங்களாவே கூப்பிட்டுக் குறைச்சுத் தருவினம். ஆனா காத்து கடும் நாளில, கார்த்திகை மார்கழியில புயல் எண்டு வள்ளம் இறங்காத நேரத்தில, எவ்வளவு பேசினாலும் ஒரு சதம் குறையாது. 2022ல டொலர் ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள 200ல இருந்து 360க்குப் போய், மண்ணெண்ணெய்க்கு லைனில நிண்ட காலத்தில பேரமே செத்துப் போச்சு, ஏனெண்டா எந்த விலை நியாயம் எண்டு வாங்குறவைக்கும் தெரியாது விக்கிறவைக்கும் தெரியாது. பேரம் பேச முதல் கையில ஒரு விலை இருக்கோணும் எண்டு அப்பதான் விளங்கினது.

இனி நிறைக்கு வாறன், என்னை மாத்தினது இதுதான்.

மகள் கேக் அடிக்கிறதுக்கெண்டு ஒரு சின்ன டிஜிற்றல் தராசு வாங்கி குசினியில வச்சிருந்தவள். ஒருநாள் சந்தையில பாரை ஒரு கிலோ, 1,600 சொன்னதை 1,400க்கு இறக்கி வாங்கி வந்து, வெட்ட முதல் சும்மா அதில வச்சுப் பாத்தன். 850 கிராம். தராசு பிழையோ எண்டு ஒரு கிலோ சீனிப் பைக்கற்றை வச்சுப் பாத்தன், அது சரியாக் காட்டிச்சுது. கணக்குப் போட்டுப் பாருங்கோ, 850 கிராமுக்கு 1,600 வீதம் 1,360 ரூபாதான் வரோணும். நான் இருநூறு ரூபா குறைச்சுப்போட்டன் எண்டு சந்தோஷமா வந்து, உண்மையில நாப்பது ரூபா கூடக் குடுத்திருக்கிறன். வெட்டிக் கழுவின பிறகு திருப்பி நிறுத்தன், 590 கிராம். ஆறு பேர் சாப்பிட்டது அந்த 590ஐத்தான்.

அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் வாங்கின மீனெல்லாத்தையும் நிறுத்து கொப்பியில எழுதினன். எல்லாரும் குறைக்கினம் எண்டு நான் சொல்லேல்லை, நேர்மையாத் தாறவை இருக்கினம், ஒரு அம்மா ஒருநாளும் குறைச்சதில்லை. ஆனா நான் கடுமையா அடிச்சுப் பேசின நாளிலதான் நிறை கூடக் குறைஞ்சிருந்தது, அதைக் கொப்பியிலயே காணலாம். விலையில விட்டதை அவை வேற எங்கயோ எடுக்கினம். ஒண்டில் ஈரச் சொப்பின் பையோட நிறுப்பினம், இல்லாட்டி தட்டு ஆடி நிக்க முதல் தூக்கிப்போடுவினம், இல்லையெண்டா அடியில கிடந்த நேற்றையான் மீன் ஒண்டு உள்ள போகும். வியாபாரத் தராசு வருஷா வருஷம் அளவீட்டுத் திணைக்களத்தால முத்திரை குத்தினதா இருக்கோணும், 1995ம் ஆண்டுச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. முத்திரையைக் காட்டச் சொல்லி நாங்கள் கேக்கலாம். சனத்துக்கு நடுவில நிண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டிருக்கோணும்.

வாசலுக்கு வாற அண்ணை விடியப் பாசையூரில ஏலத்தில எடுத்து, பின் சீற்றில றிஜிபோம் பெட்டி கட்டிக்கொண்டு ஏழரைக்குள்ள எங்கட ஒழுங்கைக்கு வந்திடுவார். ஹோர்ண் கேட்டா அஞ்சு வீட்டுக் கேற் திறக்கும். அதே பாரை அவர் 1,550 சொல்லுவார், பெரிசாக் குறைக்க மாட்டார், நானும் இப்ப கேக்கிறேல்லை. முதல் நாளே தராசை மதிலில கொண்டந்து வச்சு, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இதிலயும் ஒருக்கா வைப்பம்" எண்டு கேட்டன். "வையுங்கோ தங்கச்சி, நாளைக்கும் இந்த ஒழுங்கைக்குத்தானே நான் வரோணும்" எண்டார். 1,010 காட்டிச்சுது. மேல ஒரு கை சூடை மீனும் போட்டார், பூனைக்கெண்டு, பூனை எங்க தின்டது, நாங்கள்தான் பொரிச்சுச் சாப்பிட்டம்.

இப்ப நான் பேசிற பேரம் விலையில இல்லை. "தலையைக் குழம்புக்கு வையுங்கோ, செட்டையை எடுத்துப்போட்டு வெட்டித் தாங்கோ" எண்டுவன், அவர் காசு வாங்காமல் வெட்டித் தருவார், சந்தையில வெட்டுறவருக்குத் தனிக் காசு. மீன் சரியில்லை எண்டா அடுத்த நாள் சொல்லலாம். ஒருக்கா கும்பளா நொந்து போய் இருந்தது, சொன்னவுடன மறுநாள் கணக்கில கழிச்சவர். மாசக் கடைசியில கையில காசில்லை எண்டாலும் கொப்பியில எழுதிப்போட்டுத் தந்திட்டுப் போவார்.

குறை இல்லாமலில்லை. அவர் கொண்டாறதுதான் கறி, கணவாய் வேணுமெண்டு நினைச்ச நாளில சூடைதான் இருக்கும். மழை எண்டா வரமாட்டார். பத்துக் கிலோ, இருபது கிலோ எண்டு விசேஷத்துக்கு எடுக்கிறதுக்கு அவர் எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது, நான் எடுத்ததில்லை. வேற ஒழுங்கையில வேற ஆள் வருவார், அவர் எப்பிடியோ, நீங்களும் முதல் ஒரு கிழமை நிறுத்துப் பாத்திட்டுத்தான் நம்போணும்.

நண்டு போட்டுக் கூழ் காய்ச்சிற ஞாயிறுகளில மட்டும் இன்னும் சந்தைக்குப் போறன். நண்டை ஒவ்வொண்டாத் தூக்கிப் பாத்து, பாரமானதாத் தெரிஞ்சு எடுக்கோணும், வாசலில பெட்டிக்குள்ள கிடக்கிற நாலு நண்டில அது சரிவராது. தராசைக் கைப்பைக்குள்ள வச்சுக்கொண்டுதான் போறன்.